ஒண்டிப்புதூரில் இடைவேளை

நீ எந்திரிக்காத கண்ணு, சன்னலோரத்துலயே உக்காந்துக்கோ. எனக்கு இந்த ஓரம் போதும், காலை நீட்டிக்கலாம். வடவள்ளி வரைக்கும்தானே? நானும் கடைசி ஸ்டாப்புதான். நல்லதாப் போச்சு, ஒண்ணேகால் மணி நேரம் இருக்குது. சிங்காநல்லூர்ல கூட்டம் ஏறும், அப்பறம் டவுன்ஹால் தாண்டற வரைக்கும் ஊர்ந்துட்டுத்தான் போகும்.

என்ன பாக்கற போன்ல? காட்டு. அட, இதா! மலை மேல ஒரு பங்களாவுல ஒவ்வொருத்தரா காணாமப் போவாங்களே, அதுதானே? பாத்துட்டேன், போன மாசமே பாத்துட்டேன். அந்தச் சமையக்காரம்மா மேலதான் எல்லாருக்கும் சந்தேகம் வரும், ஆனா அவ இல்ல. மூத்த மருமகதான். ஐயையோ, நீ இன்னும் அந்த எடத்துக்கு வரலியா? செரி உடு, தெரிஞ்சுட்டுப் பாத்தாலும் நல்லாத்தான் இருக்கும். அந்தக் காதுல இருக்கறதைக் கழட்டிக்கோ. ஒரு காதையாவது கழட்டு சாமி. உங்கிட்ட ஒரு உதவி கேக்கோணும்.

ஸ்டாப்புல நிக்கறப்ப நீ பாடிட்டு இருந்தியே, வாய்க்குள்ளயே. நான் கேட்டேன். சுதி நிக்குது உனக்கு. எனக்கு ஒரு சாமி பாட்டு சொல்லிக் குடுத்துரு, நாலே வரி போதும், எறங்கறதுக்குள்ள. ஞாயித்துக்கெழமை நான் நாப்பது பேரு முன்னாடி பாடியாகோணும். இன்னிக்கு வியாழன். எனக்கு ஒரு பாட்டுக் கூடத் தெரியாது. ஒரு வருசமாப் பாட்டு வகுப்புக்குப் போறவ நான், ஆனா ஒரு பாட்டுத் தெரியாது. சிரிக்காத.

நான் சொல்றேன் கேளு. மொதல்ல இருந்து சொன்னாத்தான் உனக்குப் புரியும்.

எங்கூட்டுக்காரரு பேரு சென்னியப்பன். மில்லுல முப்பத்திநாலு வருசம். நூல் செக்கிங். நூல்ல எங்க முடிச்சு, எங்க பிசிறு, எங்க கனம், எங்க மெலிசு, இதையே பாத்துப் பாத்துக் கண்ணு அப்படியே ஆகிப்போச்சு. நல்ல மனுசன்தான். குடி கெடையாது, சீட்டு கெடையாது. சம்பளத்தைக் கொண்டாந்து சாமி படத்துக்கிட்ட வெச்சுட்டு எங்கிட்டக் குடுத்துருவாரு. அதுல ஒரு குத்தம் சொல்லமாட்டேன். காலைல ஏழரைக்குப் போனா சாயங்காலம் அஞ்சரைக்குத்தான் வருவாரு. எனக்கு அதுல ஒரு ரெண்டரை மணி நேரம் இருந்துச்சு பாரு, அதுதான் கண்ணு என் சொத்து.

ரெண்டு மணிக்கு டிவியில படம் போடுவான். பாத்திரத்தை ஊறப் போட்டுட்டு, முன்கதவைச் சாத்தித் தாப்பாப் போட்டுட்டு, ஒரு கிண்ணம் பொரியை வெச்சுட்டு உக்காந்தன்னா நாலரை வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். சிரிக்கற படம்னா தனியாச் சிரிப்பேன். அழுகற படம்னா நல்லா அழுவேன், சத்தம் போட்டு அழுவேன். யாரு கேக்கறது? கடைசியா மூஞ்சியைக் கழுவிட்டுக் காபிக்குப் பால் வெப்பேன். அவுரு வந்து பாத்தா, நான் ஒண்ணுமே நடக்காத மாதிரி வெங்காயம் உரிச்சுட்டு இருப்பேன். இருவத்தெட்டு வருசம் இப்படி. ஒரு நாள் கூட அவுருக்குத் தெரியாது, அந்த நேரத்துல நான் எத்தன பேரோட சாவுக்கு அழுதேன்னு.

அப்பறம் ரிட்டையர் ஆனாரு.

மொத நாளு ரெண்டு மணிக்கு நான் டிவியைப் போட்டேன். வந்து பக்கத்துல உக்காந்தாரு. செரி, உக்காரட்டும், அவுரு ஊடு, அவுரு டிவி. பத்து நிமிசம் ஆகல. "இந்த ஆஸ்பத்திரியும் முன்னாடி வந்த கோர்ட்டும் ஒரே கட்டடம், அந்தச் சன்னல் கம்பியைப் பாரு"ங்கறாரு. நான் பொரியை எடுத்து வாயில போட்டுக்கிட்டேன். "போன சீன்ல தாலி வெளிய கெடந்துச்சு, இப்ப உள்ள போயிருச்சு"ங்கறாரு. இன்னொரு கை பொரி. கதாநாயகி லேசா இருமினா. "அவ்வளவுதான், இவ போயிருவா பாரு, இடைவேளைக்கு அப்பறம் போயிருவா"ன்னாரு. போயிட்டா கண்ணு! நான் அழுகறதுக்கு ரெடியாகி முந்தானையெல்லாம் எடுத்து வெச்சிருந்தேன். "நான் சொன்னனா இல்லியா"ன்னு எம் பக்கம் திரும்பிக் கேக்கறாரு. அழுகை வருமா? வந்த அழுகை அப்படியே உள்ள போயிருச்சு.

இது ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. தெனமும். முப்பத்திநாலு வருசம் மிசின் சத்தத்துல வாயைத் தொறக்காம இருந்த மனுசன், அத்தன பேச்சையும் ஊட்டுக்குக் கொண்டாந்துட்டாரு. அதுவும் மில்லுக்காரக் காது, மெதுவாப் பேசத் தெரியாது. எங்கூடு என்ன அரமனையா? ஒரு ஹாலு, ரெண்டு ரூம்பு. எந்தப் பக்கம் திரும்புனாலும் அவுரு நிக்கறாரு. குழம்புல புளி எச்சா, வெளக்கமாறு தேஞ்சுபோச்சா, பால்காரன் எத்தன மணிக்கு வந்தான். பாத்ரூம்ல ஒரு பாட்டை முணுமுணுத்தாக் கூட, "அந்த வரி அப்படி இல்ல"ன்னு வெளிய இருந்து சத்தம் வருது. எனக்கு மூச்சு முட்டிப்போச்சு கண்ணு. நெசமாச் சொல்றேன், ஒரு நாள் மத்தியானம் சமையக்கட்டுல நின்னுட்டு, இனி சாகற வரைக்கும் இப்படித்தானான்னு நெனச்சு அழுதுட்டேன். அதுக்கும் வந்து நின்னு, "வெங்காயமா?"ங்கறாரு.

கூட்டம் ஏறுது பாரு. இன்னும் சித்த உள்ள தள்ளிக்கோ. எடம் இல்லியா? பரவாயில்ல, நான் ஒட்டி உக்காந்துக்கறேன்.

எங்க உட்டேன்? ஆங். அப்பத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்க இருக்கற கோயில் மண்டபத்துல பொம்பளைங்களுக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குச் சாமி பாட்டு வகுப்புன்னு போர்டு வெச்சாங்க. ரெண்டு மணின்னு பாத்ததும் எனக்குச் சாமியே வழி காட்டின மாதிரி இருந்துச்சு. சேந்துட்டேன். மொத நாள் போனேன். டீச்சரம்மா எல்லாரையும் தனித்தனியாப் பாடச் சொன்னாங்க. நான் பாடினதும், "நீங்க பின்னாடி உக்காந்துக்கோங்க, தாளம் போடுங்க"ன்னாங்க. பொம்பளைங்க எல்லாம் ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாக்கறாங்க. எனக்கு இது தேவையா? எந்திரிச்சு வந்துட்டேன்.

வெளிய வந்து நின்னன் பாரு, மணி ரெண்டேகால். ஊட்டுக்குப் போக மனசே வல்ல. எதிர்க்க ஸ்டாண்டுல இந்த பஸ்ஸு நிக்குது. பொம்பளைங்களுக்கு இலவசம். ஏறி உக்காந்தேன். கண்டக்டர் எங்க போகோணுங்கம்மான்னாரு. எது வரைக்குமுங்க போகும்னேன். ஒண்டிப்புதூர்னாரு. அங்கயே ஒண்ணு குடுங்கன்னேன். ஒண்டிப்புதூர்ல எனக்கு யாரு இருக்கா? ஒருத்தரும் இல்ல. போய் எறங்கி, ஒரு டீயைக் குடிச்சுட்டு, அதே பஸ்ஸுல திரும்பி வந்தேன். எம் பேத்தி வாங்கிக் குடுத்த இந்தப் போனுல பழைய படமாக் கெடக்குது. காதுல மாட்டிக்கிட்டேன். அவ்வளவுதான் கண்ணு. போறப்ப பாதிப் படம், ஒண்டிப்புதூர்ல இடைவேளை, ஒரு டீ, ஒரு தேங்கா பன்னு, வரப்ப மீதி. ஞாயித்துக்கெழமை மட்டும் லீவு.

ஒரு வருசமா இதுதான். எத்தன படம்! யாரும் எனக்குச் சன்னல் கம்பியைக் காட்டல. ஒருக்கா அழுகற படம், சன்னல் பக்கம் திரும்பிட்டு அழுதுட்டு இருந்தேன். கண்டக்டர் பாத்துப்போட்டு, "என்னங்கம்மா, குடும்பத்துல ஏதாச்சும் பிரச்சனைங்களா?"ன்னாரு. "ஆமாங்க தம்பி, அண்ணனும் தங்கச்சியும் பிரிஞ்சுட்டாங்க"ன்னேன். பாவம், அவுரு மூஞ்சி வாடிப்போச்சு.

அவுருகிட்டயா? அவுருகிட்டப் பாட்டு வகுப்புன்னுதான் சொல்லியிருக்கேன். பொய்யின்னா பொய்யிதான். ஆனா நெசத்தைச் சொன்னா என்னாகும்? "நானும் வரேன்"ம்பாரு. பஸ்ஸுல எம் பக்கத்துல உக்காந்து, அந்தக் காதுல மாட்டறதுல ஒண்ணை அவுரு காதுல மாட்டிக்குவாரு. வேண்டாஞ்சாமி.

ஆனா மனுசன் சும்மா இருந்தாரா? அதையும் கேளு. நான் இல்லாத நேரத்துல ரெண்டு மணிப் படத்தை ஒக்காந்து முழுசாப் பாத்துப்போட்டு, நான் வந்து காய் நறுக்கறப்ப எதுக்கால சேரைப் போட்டுட்டு, அந்தக் கதையை எங்கிட்டச் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. "நீ கோயிலுக்குப் போயிட்ட, பாக்காம உட்டுப்போட்டயே அம்மிணி"ன்னு சொல்லிட்டு, சீன் சீனாச் சொல்லுவாரு. மறந்துருமாம், சின்னத் துண்டுக் காயிதத்துல எழுதி வேற வெச்சுக்குவாரு. பாட்டு வந்தா பாடிக் காட்டுவாரு. நான் அன்னிக்கு ஒரு படம் பாத்துட்டு வந்திருப்பேன், அது மேல இது ஒண்ணு. இதுல பெரிய வில்லங்கம் என்னன்னா, முடிவைச் சொல்லமாட்டாரு! "அது நீ என்னிக்காச்சும் பாக்கறப்பப் பாத்துக்கோ"ன்னு எந்திரிச்சுப் போயிருவாரு. அத்தனையும் சொல்லிப்போட்டு முடிவை மட்டும் முழுங்கினா எனக்குத் தூக்கம் வருமா? நீயே சொல்லு. ஒரு மனுசியை எப்படியெல்லாம் வதைக்கறது!

நல்லவேளை, ஆடிப் பதினெட்டுக்கு அப்பறம் அது நின்னுபோச்சு. திடீர்னு நிறுத்திட்டாரு. கதையும் இல்ல, காயிதமும் இல்ல. கீழ்ப்போர்ஷன் அம்மா கூட, "இப்பல்லாம் மத்தியானத்துல உங்கூட்டு டிவி சத்தமே கேக்கறதில்லீங்களே"ன்னாங்க. கரண்டு மிச்சம்னு நெனச்சுட்டேன்.

அதுக்குப் பதிலா வேற தொந்தரவு ஆரம்பிச்சுது. தெனமும் ஒரு மாதுளம்பழத்தை உரிச்சுக் கிண்ணத்துல போட்டு வெக்கறாரு. தின்னுதான் ஆகோணுமாம். எனக்குப் பல்லு கூசுது. அரிசி மூட்டையைத் தொடாதங்கறாரு, கேஸ் சிலிண்டரை நகத்தாதங்கறாரு. படியில எறங்குனா கையைப் புடிக்கறாரு, தெருவே பாக்குது, கல்யாணமான புதுசுல கூடப் புடிக்காத கை. "பெங்களூர்ல இருந்து பெரிய மகளை ஒரு மாசம் வரச் சொல்லட்டுமா?"ங்கறாரு. எதுக்குன்னா, சும்மாங்கறாரு. மூணு வாட்டி கேட்டுட்டாரு, "எங்கிட்ட ஏதாச்சும் சொல்லோணுமா அம்மிணி?"ன்னு. நான் என்னத்தைச் சொல்றது? தொவரம்பருப்பு தீந்துபோச்சுன்னு சொன்னேன். என் சாமானையெல்லாம் வேற நோண்டறாரு. பீரோல மடிச்சு வெச்ச சீலை ஒரு நாளு கலைஞ்சு கெடந்துச்சு. என் சீப்பை எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு இருக்காரு, நூல் பாக்கற மாதிரி. ஒரு சீப்பைக் கூடவா ஒரு பொம்பளைக்குன்னு உடக்கூடாது?

செரி, அந்த ஞாயித்துக்கெழமை கதைக்கு வரேன். போன வாரத்துக்கு முந்தின வாரம் எங்க நாத்தனா சாந்தாமணி வந்தா. பெரியநாயக்கன்பாளையத்துல புது ஊடு கட்டியிருக்காங்க, கிரகப்பிரவேசப் பத்திரிகை வெக்க வந்தா. "அண்ணி, நீங்க ஒரு வருசமாப் பாட்டுக் கத்துக்கறீங்களாமே, நீங்கதான் வெளக்கு ஏத்தறப்ப ஒரு பாட்டுப் பாடோணும்"ன்னா. எனக்கு உசுரே போயிருச்சு. அப்பப் பாரு, இவுரு குறுக்க வந்து, "வேண்டாம் சாந்தா, அவளால முடியுமோ என்னமோ, அவளைச் செரமப்படுத்தாத"ங்கறாரு. அவ மூஞ்சிக்கு முன்னாடி! எனக்கு வந்துச்சு பாரு கோவம். என்னால ஏன் முடியாது? எம் பாட்டுல என்ன பிசிறைக் கண்டாரு? "ஏன் முடியாது, நான் பாடறேன் சாந்தாமணி"ன்னு சொல்லிப்போட்டேன். வாயி இருக்குதே வாயி.

அப்பறமும் உடல. ராத்திரி படுக்கறப்ப, "முடியலீன்னாச் சொல்லிரு அம்மிணி, ஒண்ணும் தப்பில்ல"ங்கறாரு. காலைல, "தொண்டை செரியில்லைன்னு சொல்லிரலாமா?"ங்கறாரு. அவுரு சொல்லச் சொல்ல எனக்கு வீம்பு ஏறுது. பாடியே காட்டறேன்னு மூணு நாளா படத்தை உட்டுப்போட்டு, இந்தப் போனுல ஒரு சாமி பாட்டைப் போட்டுப் போட்டுக் கேக்கறேன். மொத வரி ஏறுனா ரெண்டாவது வரி எறங்கிருது. எதுக்குத் தப்பிச்சு வந்தனோ அந்த நேரமும் போச்சு. பஸ்ஸும் வகுப்பாப் போச்சு. ஊட்டுலயும் அடைபட்டு, இங்கயும் அடைபட்டு. இப்பப் புரியுதா உங்கிட்ட எதுக்குக் கெஞ்சறேன்னு? 

பாடு சாமி. நாலு வரி.

என்ன? என்ன கேக்கற? அந்த மண்டபத்துல வகுப்பு இன்னும் நடக்குதான்னா? இல்ல கண்ணு, அது வைகாசியிலயே நின்னுபோச்சு. டீச்சரம்மா பையங்கிட்டப் போயிட்டாங்க. மண்டபம் பூட்டித்தான் கெடக்குது. நான் ஏன் அதை ஊட்டுல சொல்றேன்?

ஆடியில என்ன நடந்துச்சா? ஆடியில ஒண்ணும் நடக்கல. பதினெட்டுக்கு மறுநாளு நான் கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன், அவ்வளவுதான். படம் ஒண்ணும் தெரியல, வெறும் பாட்டைக் கேட்டுட்டுப் போனேன். சாயங்காலம் ஊட்டுக்குப் போய்ப் பாத்தா மேசை மேல கண்ணாடி இல்ல. அவுரு சட்டைப் பையில இருக்குது. சட்டையெல்லாம் வேர்வை. எங்க போனீங்கன்னா, சும்மா நடந்துட்டு வந்தேங்கறாரு. எங்கண்ணாடி எதுக்கு உங்க பையிலன்னா, தொடைக்கலாம்னு எடுத்தேங்கறாரு. அதைக் கூடவா...

இரு.

இரு கண்ணு, இரு. நீ என்ன சொல்ற? கண்ணாடியைக் குடுக்கறதுக்கு மண்டபத்துக்கு வந்திருப்பாருங்கறயா?

ஐயோ.

வந்திருப்பாரு. அவுரு வரக்கூடிய ஆளுதான். வெயிலு மழை பாக்காம வந்திருப்பாரு. வந்து பாத்தா பூட்டுத் தொங்கியிருக்கும். கோயில் வாசல்ல இருக்கற பூக்கடைக்காரம்மாகிட்டக் கேட்டிருப்பாரு, அந்தம்மா ரெண்டு மாசமா வகுப்பே இல்லீங்களேன்னு சொல்லியிருக்கும். அன்னிக்குச் சாயங்காலம்தான் கண்ணு கதை சொல்றது நின்னுச்சு. அன்னிக்கேதான். எனக்கு இப்பத்தான் மண்டையில ஏறுது.

அப்ப மூணு மாசமா அவுருக்குத் தெரியும். நான் தெனமும் ஒண்ணே முக்காலுக்கு, "வகுப்புக்குப் போயிட்டு வரேனுங்க"ன்னு சொல்லிட்டுக் கெளம்பறேன். அவுரு வாசல் வரைக்கும் வந்து, "தண்ணி எடுத்துக்கிட்டயா?"ங்கறாரு. தெரிஞ்சுட்டே கேட்டிருக்காரு. ஒரு வார்த்தை வெளிய உடல. நாள் முச்சூடும் பேசற மனுசன் இதைப் பேசல பாரு. என்ன நெனச்சிருப்பாரு? அம்பத்தியேழு வயசுல ஒரு பொம்பள தெனமும் பொய்யைச் சொல்லிப்போட்டு மூணு மணி நேரம் எங்க போறான்னு நெனச்சிருப்பாரு? இந்தத் தண்ணி பாட்டலைத் தொறந்து குடு.

சொல்லிரட்டுமா? நீ சொல்லிருங்கற. உனக்கென்ன, லேசாச் சொல்லிருவ. நெசத்தைச் சொன்னா இந்த பஸ்ஸு போச்சு. அதையும் யோசிக்கோணுமில்ல? எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். சொல்லாம உட்டா அந்த மனுசன் உள்ளுக்குள்ள என்னத்தை வெச்சுட்டு உக்காந்திருக்காரோ. டிவியைக் கூடப் போடாம உக்காந்திருக்காரே. ச்சீ, என்ன பொழப்பு இது. அந்தப் பேரைத் தொடு, அதான், ஊட்டுக்காரருன்னு இருக்குது பாரு. என் கண்ணுல தண்ணி, எழுத்துத் தெரியல.

ஏனுங்க, நாந்தான்... இல்லீங்க, ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கேன்... கோயில்ல இல்லீங்க. பஸ்ஸுல இருக்கேன்... பஸ்ஸுலங்க! ஒண்டிப்புதூர் பஸ்ஸு... யாரும் இல்ல, நான் மட்டுந்தான்... படம் பாக்கறேனுங்க. போன்ல... தெனமும்தான்... ஏனுங்க?... ஏனுங்க, லைன்ல இருக்கீங்களா?... என்ன ஆஸ்பத்திரி?... எனக்கா?... ஐயோ, இல்லீங்க. சாமி சத்தியமா இல்லீங்க. எனக்கு ஒரு நோவும் இல்ல... அழுகாதீங்க. ஏனுங்க, அழுகாதீங்க... ம்... ம்... செரிங்க... ம். வந்தர்றேன்.

சித்த இரு கண்ணு. மூச்சு வாங்கிக்கறேன்.

அவுருக்கு ஒரு பெரியக்கா இருந்தாங்க. மாருல கட்டி. ஒருத்தருக்கும் சொல்லாம, கோயிலுக்குப் போறேன் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஒரு வருசம் தனியாவே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டு இருந்தாங்க. கடைசியிலதான் ஊட்டுக்குத் தெரிஞ்சுது, தெரிஞ்ச பத்தாம் நாளு போயிட்டாங்க. இருவது வருசத்துக்கு மேல ஆச்சு, நான் மறந்தே போயிட்டேன். அவுரு மறக்கல. மண்டபத்துல பூட்டைப் பாத்ததும் அவுருக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சாம். வேற ஒண்ணும் நெனக்கலியாம். இவளுக்கும் நோவு இருக்குது, இவளும் மறைக்கறான்னு நெனச்சுட்டாராம். பீரோவுல மருந்துச் சீட்டைத் தேடினாராம். சீப்புல முடி எத்தன உதிருதுன்னு தெனமும் எண்ணினாராம். அவளா சொல்லட்டும், கேட்டாப் பயந்துருவான்னு காத்துட்டு இருந்தாராம். மாதுளம்பழம், கண்ணு. மூணு மாசமா மாதுளம்பழம்.

நான் பல்லு கூசுதுன்னு பாதியைக் குப்பைத் தொட்டியில கொட்டினேன்.

ஞாயித்துக்கெழமைப் பாட்டா? அதுக்குப் போன வாரமே சாந்தாமணிகிட்டச் சொல்லி வேற ஆளை ஏற்பாடு பண்ணிட்டாராம். எங்கிட்டச் சொன்னா மனசு நோகும்னு சொல்லலியாம். அந்தப் பாட்டெல்லாம் வேண்டாம் கண்ணு. நீ சொல்லித் தர வேண்டாம்.

கடைசியா என்ன சொன்னாரா? மூக்கை உறிஞ்சிக்கிட்டாரு. அப்பறம், "நாளைக்கு நானும் வரட்டுமா அம்மிணி?"ன்னாரு.

வரேன்னு சொல்லல, கேட்டியா? வரட்டுமான்னு கேட்டாரு. கல்யாணமான இந்த முப்பத்திமூணு வருசத்துல எங்கிட்ட எதையும் அப்படிக் கேட்டதில்ல அந்த மனுசன். அதிகாரமா வரேன்னிருந்தா, வேண்டாமுங்கன்னு ஒரே வார்த்தையில சொல்லியிருப்பேன். இன்னிக்கு எனக்கு அந்தத் தைரியம் இருந்துச்சு, நெசமா இருந்துச்சு, வாய் வரைக்கும் வந்துச்சு. அழுத மூக்கோட வரட்டுமாங்கற மனுசங்கிட்ட எப்படிச் சொல்றது? பொம்பளைங்களுக்கு மட்டுந்தாங்க இலவசம்னு சொல்லிப் பாத்தேன். "நான் டிக்கெட் எடுத்துக்கறேன்"ங்கறாரு. செரிங்கன்னுட்டேன். வாங்கன்னுட்டேன். வேற என்ன பண்ணச் சொல்ற?

நாளைக்கு இந்நேரம் அவுரு நீ உக்காந்திருக்கற எடத்துல உக்காந்திருப்பாரு.

லாலி ரோடு தாண்டியாச்சா? அக்ரி காலேஜ் கேட்டும் போயிருச்சு. இன்னும் நாலஞ்சு ஸ்டாப்பு இருக்கும். இல்ல, படமெல்லாம் போடல, ஒண்ணும் வேண்டாம். நீ அந்தச் சன்னலோரத்தை மட்டும் எனக்குக் குடு. மாறி உக்காரு, ஆங், அப்படி. கோவிச்சுக்காத சாமி, எங்கிட்ட எதுவும் கேக்காத, இனி ஒரு வார்த்தை பேசாத. எறங்கற வரைக்கும் நான் தனியா இருக்கோணும்.